விலங்குகளைப் படம் பிடிக்க மேலூர் போகிறேன்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரக்காரர்கள் படங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் தம்பி மகன் கென்யா போய்விட்டு வந்து நம் குடும்பக் குழுவில் சிங்கம், சிறுத்தை, ஒட்டகச்சிவிங்கி என்று வரிசையாகப் படம் போட்டிருந்தான். நன்றாகவே எடுத்திருக்கிறான். கடைசியில் என்னைச் சீண்டினான்: "பெரியப்பா, நீங்களும் மூணு வருஷமா கேமராவும் கையுமா அலையறீங்க. ஒரு மிருகமாவது மாட்டுச்சா?"

மாட்டியது. இதுவரை 58 வகை. எல்லாம் நம் ஸ்ரீரங்கத்தில், வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்த் திரும்புகிற தூரத்தில். பட்டாம்பூச்சி எப்படி சார் மிருகமாகும் என்று கேட்பவர்கள் பழைய பாடப் புத்தகத்தைப் புரட்டுங்கள். விலங்குலகம், கணுக்காலிகள் தொகுதி, பூச்சிகள் வகுப்பு. இதில் நான் 34 வருடம் யாருக்கும் அரை மதிப்பெண்கூட விட்டுக்கொடுத்ததில்லை. தம்பி மகனுக்காக இப்போது விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வெளியூரில் இருப்பவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிற நம் தீவில், ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர். அங்கே மேல் அணைக்கட்டுக் காப்புக்காட்டுப் பகுதியில், 25 ஏக்கருக்கு மேல் பரப்பில், வனத்துறை நடத்துகிற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015 நவம்பரில் திறந்தார்கள். உங்களில் பலர் ஊரைவிட்டுப் போன பிறகு வந்தது. "திருச்சியில என்ன சார் இருக்கு, மலைக்கோட்டை, முக்கொம்பு, கல்லணை, அவ்வளவுதானே" என்று சொல்லும் பழைய மாணவர்களுக்கு இதை முதலில் சொல்கிறேன். இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பட்டாம்பூச்சிகளைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கூண்டில் அடைத்து வைத்தவை இல்லை. உள்ளரங்கம் ஒன்று உண்டு என்றாலும் பெரும்பகுதி திறந்தவெளிதான். செடி வைத்திருக்கிறார்கள், செடியைத் தேடி அவை வருகின்றன. வேண்டாம் என்றால் பறந்து காவிரியைத் தாண்டிப் போய்விடும், யார் தடுப்பது?

கேமரா வந்த கதையைச் சொல்ல வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பினான். கேனான், அதோடு 55-250 லென்ஸ். பெட்டி வந்த அதே மாதம்தான் என் கைக்கு என்ன வந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். அதுவரை நான் அதை வயது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காபி டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்ப முடியாது. ஒரு வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை போடச் சொன்னார்கள், மூன்றும் மூன்று மாதிரி. இது நடுக்குவாதம் இல்லை என்றார் மருத்துவர். நடுக்குவாதத்தில் கை சும்மா இருக்கும்போது நடுங்கும். எனக்குக் கை சும்மா இருந்தால் சும்மாதான் இருக்கிறது. ஏதாவது வேலைக்கு நீட்டினால்தான் ஆட்டம். மாத்திரையில் குறையும், போகாது என்றார். மெதுவாகக் கூடலாம் என்றும் சொன்னார். எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன், சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

என்னிடம் படித்தவர்களுக்கு என் கரும்பலகை நினைவிருக்கும். பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை ஒரே வட்டத்தில் போடுவேன். முட்டை வெள்ளை, புழு பச்சை, கூட்டுப்புழு மஞ்சள், பூச்சி சிவப்பும் நீலமும். சாக்பீஸை எடுக்காமல் இறகின் ஓரத்தை ஒரே இழுப்பில் இழுத்து முடிப்பேன். மதியம் தமிழ் ஐயா வந்தால் அதை அழிக்க மனமில்லாமல் ஓரத்தில் எழுதிக்கொள்வார். அந்தக் கைக்கு இப்போது பால் கணக்கு எழுதுவதே பெரும்பாடு.

"கை நடுங்கறவருக்குக் கேமராவா? பையனுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றாள் என் மனைவி. திருப்பி அனுப்புவதைப் பற்றிக்கூடப் பேச்சு நடந்தது. நான்தான் ஒரு நாள் எடுத்துப் பார்க்கிறேன் என்றேன். இரண்டு பேருமாக மேலூர் போனோம்.

பட்டாம்பூச்சியைப் படம் எடுப்பதில் முதல் சங்கதி, அதைத் துரத்தக் கூடாது. பூங்காவுக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் துரத்துகிறார்கள். கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், அது எழுந்து அடுத்த பூவுக்குப் போகிறது, மறுபடி ஓடுகிறார்கள். அரை மணியில் வியர்த்து, சலித்து, சிமெண்டில் செய்து வைத்திருக்கும் பெரிய உருவத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, "ஒண்ணுமே இல்லப்பா உள்ள" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உச்சி வெயிலில் வந்தால் உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. நாம் மத்தியானம் திண்ணையில் சாய்கிற மாதிரி அவையும் இலைக்கு அடியில் சாய்ந்துவிடும். குளிர்ந்த ரத்தப் பிராணி என்று வகுப்பில் சொன்னேனே, அதன் அர்த்தம் இங்கேதான் தெரிகிறது. காலையில் பறப்பதற்கு முன்னால் நெஞ்சுத் தசை சூடாக வேண்டும். அதற்காக இறகை விரித்து வெயிலில் தட்டையாகக் கிடக்கும். பூங்கா திறந்தவுடன் உள்ளே போகிறவர்களுக்குத்தான் அந்தக் காட்சி.

துரத்தாமல் என்ன செய்வது? செடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்தப் பட்டாம்பூச்சிக்கு எந்தச் செடி என்று தெரிந்தால் போதும், அந்தச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம். அது வந்தே தீரும். பூவுக்கு வருவது வேறு. தேன் எங்கேயும் குடிக்கும், நாம் டீ குடிக்கிற மாதிரி, கடை எதுவானால் என்ன? முட்டை வைக்கிற செடி அப்படி இல்லை. அதில் அதற்குக் கட்டுப்பாடு அதிகம். வெந்தய வரியனுக்கு எருக்கு. கொன்றை இலையில் முட்டை வைக்கிற வெளிர்மஞ்சள் பூச்சி ஒன்று உண்டு. ஆமணக்கு ஒன்றுக்கு. எலுமிச்சை அழகி என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். இதுவெல்லாம் எனக்குப் புத்தகத்தில் தெரியும். ஆனால் எருக்கஞ்செடி முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, அந்த வெந்தய வரியன் வந்து இலையை முன்கால்களால் தட்டித் தட்டிப் பார்த்து, இதுதான் என்று உறுதி செய்துகொண்டு, வயிற்றை வளைத்து இலைக்கு அடியில் ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். காலால் ருசி பார்க்கிறது அது. பூச்சியின் காலில் சுவை உணர்வு உண்டு என்று நான் எத்தனை முறை வகுப்பில் சொல்லியிருப்பேன்!

இந்த முறை என் கைக்கும் தோதாக இருந்தது. ஓடுகிற பூச்சியின் பின்னால் கேமராவைத் திருப்பினால் எல்லாம் சாம்பல் நிறக் கோடு. ஒரே இடத்தில் உட்கார்ந்தால், ஒற்றைக்கால் ஸ்டாண்டை ஊன்றிக்கொள்ளலாம், முழங்கையை மடியில் முட்டுக்கொடுக்கலாம், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தலாம். ஷட்டரை 1/1000 நொடிக்கு மேல் வைத்தால் என் நடுக்கத்தின் பெரும்பகுதி படத்தில் தெரிவதில்லை. வெளிச்சம் வேண்டும், அதற்குத்தான் காலை. தொடர்ச்சியாக இருபது படம் தட்டுகிறேன். பதினெட்டு குப்பை, ஒன்று சுமார், ஒன்று தேறும். இறகு கேமராவுக்கு நேராக இருக்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு முனை மங்கிவிடும். கண்ணில் ஃபோகஸ். நம் நிழல் அதன்மேல் விழக் கூடாது. இந்த லென்ஸுக்கு ஏறத்தாழ மூன்றடி தள்ளி இருந்தால் போதும். அதுவரை போவதற்கு ஒரு ஆமைக்குரிய பொறுமை வேண்டும். மூட்டுவலித் தைலம் வாங்கும் செலவைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

கம்பளிப்புழு எனக்கு இன்னும் வசதி. அது எங்கும் ஓடாது. எனக்கு அதன் படங்கள்தான் நன்றாக வருகின்றன, நீங்களோ அதற்கு விருப்பக்குறி போட மாட்டேன் என்கிறீர்கள். போன மாதம் போட்ட புழுவுக்கு 11 பேர், அதற்கு முந்தின நாள் போட்ட வடுமாங்காய்க்கு 94 பேர். எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

பூங்காவில் நட்சத்திர வனம் என்று ஒரு பகுதி உண்டு. 27 நட்சத்திரத்துக்கும் ஒவ்வொரு மரம். ராசி வனமும் உண்டு. வருகிறவர்கள் தங்கள் நட்சத்திர மரத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதன் பக்கத்தில் நிற்கிறார்கள். நான் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டாம்பூச்சிக்கும் பஞ்சாங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றியது. என் மனைவிக்குச் சித்திரை நட்சத்திரம், மரம் வில்வம். அவளுக்கு முழங்கால் முடியாது, என்னோடு செடிசெடியாகத் தவழ முடியாது. "நீங்க போங்க, நான் என் மரத்துகிட்ட இருக்கேன்" என்று பையைத் திறந்து வேர்க்கடலையை எடுத்துவிடுவாள்.

ஒரு நாள் கைப்பேசியில் கூப்பிட்டாள். "என்னங்க, கறுப்பும் வெளுப்புமா புள்ளி வெச்ச ஒண்ணு என் மரத்தையே சுத்திச் சுத்தி வருது. துளிர் இலையா பாத்து வாலை வாலை வளைக்குது. வரீங்களா?"

எலுமிச்சை அழகி! முட்டை வைக்க வந்திருக்கிறது. வில்வமும் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம், ரூட்டேசி. இந்தக் குடும்பத்து இலைதான் எலுமிச்சை அழகிக்கும் கறிவேப்பிலை அழகிக்கும் பிள்ளை வளர்க்கிற இடம். 34 வருடம் பாடம் நடத்தியவன் கொன்றைக்கு அடியில் தவம் கிடக்க, என் வீட்டம்மா ஜாதகத்தைப் பிடித்துக்கொண்டு சரியான மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். இன்று வரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். முதல் படம் இந்தப் பதிவில் இருக்கிறதே, மஞ்சள் முத்து மாதிரி ஒரு முட்டை, அது அந்த வில்வத் துளிரில் எடுத்தது. கண்டுபிடித்தவர் பெயர் அவளுடையது, எடுத்தவன் மட்டும் நான்.

அந்த அறிவு வீட்டில் வேறு விதமாகத் திரும்பியது. மொட்டை மாடித் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி, அவள் நான்கு வருடமாக மோர் ஊற்றி வளர்த்தது. ஒரு நாள் பார்த்தால் இலையில் ஏதோ காக்கை எச்சம் மாதிரி. துடைக்கப் போனவள் தொட்டதும் அது நெளிந்தது. கறிவேப்பிலை அழகியின் புழு! சின்னப் பருவத்தில் பறவை எச்சம் மாதிரியே வேஷம் போட்டிருக்கும், குருவி தின்னாது. பெரிதானதும் பச்சையாகி இலையோடு இலையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவைக்கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் அடிக்கும். எண்ணிப் பார்த்தால் ஒன்பது.

"ரசத்துக்கு ஒரு ஈர்க்கு விடாது போலிருக்கே. எடுத்து வெளியில போடுங்க" என்றாள்.

"கடையில காய் வாங்கினா கறிவேப்பிலை கொசுறாத் தர்றான். இந்த ஒன்பதுக்கும் கொசுறு தர யார் இருக்கா?" என்றேன்.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. முடிவில் செடியின் தெருப்பக்கத்துக் கிளைகள் புழுவுக்கு, அடுப்படிப் பக்கத்துக் கிளைகள் எங்களுக்கு என்று ஒப்பந்தம். புழுக்கள் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. செடி முழுக்க மொட்டையானது. ஒன்பதில் நான்கை ஏதோ குளவி, பறவை கொண்டுபோயிற்று. ஐந்து கூட்டுப்புழு ஆயின, நான்கு வெளியே வந்தன. முட்டையிலிருந்து பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம். வெளியே வந்த நாள் காலையில் அவள்தான் முதலில் பார்த்து என்னை எழுப்பினாள். ஈர இறகைத் தொங்கவிட்டுக்கொண்டு அது காய்ந்துகொண்டிருந்தது. இருவரும் காபியை ஆறவிட்டு நின்றோம். செடி அடுத்த மழைக்குத் துளிர்த்துவிட்டது, பெரிய சேதாரம் ஒன்றும் இல்லை.

இப்போது ஒரு பழைய மாணவரைப் பற்றி. பெயர் சொல்லமாட்டேன், அவரே கீழே வந்து சொன்னால் சொல்லட்டும். 1998-ல் பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். பூங்காவில் மகளோடு வந்திருந்தார். "சார், நீங்களா?" என்று குனிந்து காலைத் தொட வந்தவரைத் தடுத்தேன், ஏனென்றால் காலுக்குப் பக்கத்திலேயே ஒரு நீல வரியன் உட்கார்ந்திருந்தது.

மகள் ஆறாம் வகுப்பு. நல்ல கேள்வி கேட்கிற பெண். எதிரே வேலியோரத்தில் கறுப்பு இறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் புள்ளிகளும் உள்ள ஒன்று பறந்தது. "இது என்ன தாத்தா?" என்றாள்.

"உடம்பைப் பாரு. என்ன நிறம்?"

"கறுப்பு."

"அப்போ அது வேஷக்காரி."

விளக்கினேன். சிவப்புடல் அழகி என்று ஒரு பட்டாம்பூச்சி. அதன் புழு ஆடுதின்னாப்பாளை மாதிரியான நஞ்சுக் கொடியைத் தின்று வளர்கிறது. அந்த நஞ்சு உடம்பிலேயே தங்கிவிடும். ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுமுறை அந்தப் பக்கம் வராது. உடம்பு சிவப்பு, பளிச்சென்று தெரியும், பயப்படாமல் மெதுவாகப் பறக்கும். கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சு கிடையாது, கறிவேப்பிலை தின்று வளர்ந்ததற்கு எங்கே வரும்? ஆனால் அதன் பெண் பூச்சிகளில் ஒரு வகை, அச்சு அசலாகச் சிவப்புடல் அழகி மாதிரியே இறகை அணிந்துகொண்டு திரிகிறது. நிதானமான பறப்பைக்கூடக் காப்பியடிக்கும். உடம்பை மட்டும் சிவப்பாக்கத் தெரியவில்லை. இன்னொரு வகைப் பெண், கிரிம்சன் ரோஸ் என்ற வேறொரு நஞ்சுப் பூச்சி மாதிரி. மூன்றாவது வகைப் பெண் எந்த வேஷமும் இல்லாமல் ஆண் மாதிரியே இருக்கும். ஒரே தாய்க்கு இந்த மூன்று விதமும் பிறக்கலாம். 1848-ல் அமேசான் காட்டுக்குப் போய் 11 வருடம் பூச்சி சேகரித்த ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்த வேஷம் போடும் சங்கதியை 1862-ல் எழுதினார். அவர் பெயரால்தான் இன்றும் இதைப் பேட்ஸ் ஒப்புப்போலி என்கிறோம்.

"அப்போ இது பொய் சொல்ற பூச்சியா தாத்தா?"

"பொய் சொல்லலை. பரம்பரை பரம்பரையா அந்தச் சட்டையோடயே பொறக்குது. பறவைதான் ஏமாறுது."

"அப்போ நெசமான செவப்பு உடம்புக்காரி இல்லாத ஊர்ல இது என்ன பண்ணும்?"

நல்ல கேள்வி என்று சொன்னேன் அல்லவா? நஞ்சுள்ளது அருகிப்போனால் வேஷத்துக்கு மதிப்பில்லை. அசல் நோட்டுப் புழங்குகிற ஊரில்தான் கள்ள நோட்டு செல்லும். இதை அவளுக்குச் சொல்லிக்கொண்டே கேமராவை உயர்த்தினேன். பேச்சு வேகத்தில் ஸ்டாண்டை மறுபுறம் வைத்துவிட்டிருந்தேன். வெறும் கை. லென்ஸின் முனை ஆடியதை அவளுடைய அப்பா பார்த்துவிட்டார்.

"சார், கை..." என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தக் கரும்பலகையைப் பார்த்தவர் அவர். "நான் எடுத்துத் தரட்டுமா சார்?"

"வேண்டாம்பா" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே வந்திருக்கும். அவர் முகம் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டது.

அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் வந்து, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். "தாத்தா, என் தோள் மேல வெச்சுக்கோங்க. நான் மூச்சுகூட விட மாட்டேன்."

மூச்சு விட்டாள்தான். ஆனால் என் கையைவிட அவள் தோள் நிதானமாக இருந்தது. வேஷக்காரி உண்ணிப்பூவில் வந்து உட்கார்ந்தது, இறகை முழுக்க விரித்தது. இரண்டாவது படம் அதுதான். கறுப்பு உடம்பு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள். மாணவரும் நானும் வாசல்வரை பேசிக்கொண்டே நடந்தோம். அப்போதுதான் அவரிடம் நோயின் பெயரைச் சொன்னேன். மகனைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை சொல்லவில்லை. இப்போது உங்கள் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. ஆறுதல் சொல்ல யாரும் தொலைபேச வேண்டாம், எனக்குத் தூக்கமும் சாப்பாடும் நன்றாக இருக்கிறது.

அந்தப் பெண் கேட்ட கேள்வி மட்டும் விடவில்லை. சிவப்புடல் அழகி இல்லாத ஊர். எங்கள் தெருவே அப்படித்தான் ஆகிவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை இருந்தது. 20 வருடமாகச் சும்மா கிடந்தது. எருக்கு, ஆமணக்கு, தும்பை, நாயுருவி, தரையோடு படர்ந்த ஆடுதின்னாப்பாளை, நடுவில் உடைந்த சிமெண்ட் தொட்டி. பார்க்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். பாம்பு வரும் என்று புகார் சொல்வார்கள். எனக்கு என் 58 வகையில் முதல் 19 அந்த மனையில்தான் கிடைத்தது, மேலூர் போகும் முன்பே, மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டே. மழை முடிந்த மாதங்களில் சிவப்புடல் அழகி தினமும் வரும். போன தைக்குப் பிறகு மனை விற்றுப்போய், ஒரு நாள் காலை ஜேசிபி வந்தது. இரண்டு மணி நேரம். இப்போது அடுக்குமாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆளுக்கு வீடு வேண்டும். காசு கொடுத்து வாங்கிய மனை, களையைச் சுத்தம் செய்தார்கள். சட்டமும் நியாயமும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அதன் பிறகு எங்கள் தெருவில் சிவப்புடல் அழகியை நான் பார்க்கவில்லை. நான்கு மழை பார்த்துவிட்டேன், வரவில்லை. வேஷக்காரி மட்டும் எங்கள் மாடிக் கறிவேப்பிலைக்கு வந்துகொண்டிருக்கிறாள், யாரைப் போல வேஷம் போடுகிறோம் என்றே தெரியாமல்.

மேலூரில் 25 ஏக்கரை வேலி போட்டுக் காப்பாற்றுகிறார்கள், நல்லது. ஆனால் பூச்சி வேலிக்குள் இருக்கிற பிராணி இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இருந்து நீல வரியன்களும் கருப்பன்களும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கூட்டம் கூட்டமாக மேற்கு மலைகளை நோக்கிப் போகின்றன. வழியில் தங்க இடம் வேண்டாமா? காய்ந்த கிலுகிலுப்பைச் செடியில் ஆண் பூச்சிகள் மொய்த்துக்கொண்டு தண்டைச் சுரண்டி உறிஞ்சுவதைப் பூங்காவில் பார்த்தேன். பெண்ணைக் கவர்கிற வாசனையை உடம்பில் தயாரிக்க அதற்கு அந்தச் செடியின் ரசாயனம் வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் போனாலும் பறக்காது, நடுங்குகிற கைக்கும் படம் கிடைக்கும். மூன்றாவது படம். நாம் களை என்று பிடுங்கிப் போடுகிற செடிதான் அது. தமிழ் மறவன் என்ற பட்டாம்பூச்சியை 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். மலைக்காட்டுப் பிராணி, என் மூட்டுக்கு எட்டாது. பெருமையாகத்தான் இருக்கிறது. எருக்கஞ்செடிக்கு அப்படி ஒரு பட்டம் யாராவது கொடுத்தால் இன்னும் மகிழ்வேன்.

ஜேசிபி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் மனைக்காரரிடம் கேட்டு உள்ளே போய், ஆடுதின்னாப்பாளையில் நான்கு கொடியை வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்தேன். இரண்டு பிழைத்தன. இப்போது காய் வெடித்து விதை வந்திருக்கிறது, மெல்லிசாக, தட்டையாக, முக்கோணமாக. என் மனைவி பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் பத்துப் பத்தாகப் போட்டு வைத்திருக்கிறாள். கவர்மேல் பெயர் எழுதியதும் அவள்தான். அவள் கையெழுத்து நன்றாக இருக்கும்.

வேண்டியவர்கள் கீழே சொல்லுங்கள். திருச்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், வெளியூருக்குத் தபாலில் அனுப்புகிறேன். வெயில் படுகிற தொட்டி போதும், தண்ணீர் அதிகம் வேண்டாம். முக்கியமாக ஒன்று. இதைப் பாட்டி வைத்தியம் என்று சொல்லி யாரும் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆடே தின்னாது என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு மேலூர் போகிறோம். பூங்கா திறக்கும்போது வாசலில் இருப்பேன். தொப்பி, தண்ணீர் பாட்டில் எடுத்து வாருங்கள். கேமராவுக்குத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும், கைப்பேசி போதும் என்பவர்கள் அப்படியே வரலாம். பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் அசையாமல் நிற்கத் தெரிந்த பிள்ளைகளாகப் பார்த்துக் கூட்டி வாருங்கள், எனக்குத் தோள் வேண்டும்.